அ முதல் ஹ வரை, ஓர் அறைக்காக

முதலில் துரோகம் செய்தவன் போட்டோக்காரன். இதை எழுதி வைத்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது வந்து, வம்பை ஆரம்பித்ததே கடைசல்காரர்தான் என்று சொல்லிவிடுவார்கள்.

போட்டோக்காரன் வேறு யாரும் இல்லை, கடைசல்காரரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்தான். கஸ்டமர் ஒருத்தன் கையில் எதையாவது பிடித்துக்கொண்டுதான் படம் எடுத்துக்கொள்வேன் என்று அடம்பிடிக்கிறானாம். அரைமணி நேரத்துக்கு ஒரு ரெக்கார்டு கொடு மாப்ளே என்று கேட்டு, ‘நிலவுக்கு ஒரு கிளாரினெட்’ என்ற ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போனான். நீல உறை. நடுவில் வெள்ளை நிலா. கடைசல்காரர் வாங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம்தான் கேட்டிருந்தார்.

அந்த அரைமணி நேரம் இன்னும் முடியவில்லை.

திருப்பித் தராதது மட்டும் என்றால்கூட மனிதன் மறந்து தொலைக்கலாம். அந்த ரெக்கார்டு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. அந்த வட்டாரத்தில் படம் எடுத்துக்கொண்ட அத்தனை பேர் கையிலும் அது இருக்கிறது. பால்காரர் வீட்டுச் சுவரில் பால்காரர் பிடித்திருக்கிறார். தபால்காரர் வீட்டில் அவர் மாமியார் பிடித்திருக்கிறார். பல் டாக்டரிடம் போனால், வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஆயுதங்களை உள்ளே விடுகிறார். எதிர்ச் சுவரில் அதே டாக்டர் நீல உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறார். கடைசல்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்டர் வலி என்று நினைத்து இன்னொரு ஊசி போட்டார். வாய் நிறைய இரும்பை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் தன் நியாயத்தை எப்படிச் சொல்வான்?

அன்றிலிருந்து கடைசல்காரர் ஸ்டூடியோ வாசலை மிதித்ததில்லை. கடைத்தெருவுக்குப் போனால் எதிர்ப்பக்கமாக நடப்பார். போட்டோக்காரன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். முதுகுக்குப் பின்னால் ‘அவன்’ என்று பல்லைக் கடிப்பவர், முகத்துக்கு நேரே ‘மச்சான், இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க’ என்பார். வளர்ப்பு அப்படி.

இப்போது அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசல்காரர் முப்பத்தெட்டு வருஷம் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். இரும்பைக் கடையும் சத்தத்தில் இடது காது பாதி போய்விட்டது. மிச்சமிருந்த ஒன்றரைக் காதுக்காக அவர் சேர்த்து வைத்தவைதான் அந்த ஆல்பங்கள். வீட்டின் பின்பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதில் ஓர் அலமாரி நிறைய ரெக்கார்டுகள், ஒரு பிளேயர், இரண்டு ஸ்பீக்கர். அந்த வீட்டில் எதை எங்கே வைப்பது என்று அவர் தீர்மானிக்கிற ஒரே இடம் அதுதான். மற்ற இடங்களில் அவரையே எங்கே வைப்பது என்று மனைவிதான் தீர்மானிப்பாள்.

அந்த அறையைத்தான் அவள் பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தையல் கைவந்த கலை. மெஷின் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்த நடையில் கிடந்தது. யார் போனாலும் வந்தாலும் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் போக வேண்டும். ரெக்கார்டுகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டு அறையைக் கொடுங்கள் என்று அவள் கேட்பாள். பார்க்கலாம் என்பார் இவர். பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டோக்காரன் அடுத்த வேட்டு வைத்தான். சாப்பாடு தயாராவதற்குள் கைவீசிக்கொண்டு அந்த அறைக்குள் போனவன், அலமாரி முன்னால் நின்று ஒரு ரெக்கார்டை உருவினான். இன்னொன்றை உருவினான். அப்புறம் ஹாலில் எல்லோரோடும் சாப்பிட உட்கார்ந்து, முதலில் போட்டதை முடித்துவிட்டு, வீட்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

“மாப்ளே, நெஞ்சத் தொட்டுச் சொல்லு. அந்த ரெக்கார்டுல பாதிய நீ கேட்டதே இல்ல. கடையில போட்டுக் குடுத்த கண்ணாடிக் காகிதத்தக்கூடப் பிரிக்கல.”

அது உண்மைதான். உண்மையைச் சொன்னான் என்பதற்காக ஒருவனை மன்னித்துவிட முடியுமா?

கடைசல்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றார். கை கழுவவில்லை. அந்தக் கையை அப்படியே உயர்த்திப் பிடித்துச் சபதம் செய்தார். நாளை சாயங்காலம் ஆறு மணிக்கு அகரத்தில் ஆரம்பிப்பார். ஒரு நாளைக்கு ஓர் ஆல்பம், இரண்டு பக்கமும், முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை. அகர வரிசை மாறாது. ஒன்றுகூட விடமாட்டார். ஒரு நாள்கூட விடமாட்டார்.

போட்டோக்காரன் சிரித்துவிட்டு இரண்டாவது தடவை போட்டுக்கொண்டான். மனைவி சிரிக்கவில்லை. கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“முடிச்சிட்டீங்கன்னா?”

“முடிச்சிட்டேன்னா அந்த ரூமப் பத்தி இந்த வீட்டுல ஒருத்தர் வாயத் திறக்கக் கூடாது. சாகுற வரைக்கும் அது என்னோடது.”

“நடுவுல ஒண்ணு விட்டுப்போச்சுன்னா?”

“விடமாட்டேன்.”

“ஒரு பேச்சுக்குக் கேக்கிறேன்.”

“ஒரு பேச்சுக்கு விட்டேன்னா, மறுநாளே உன் மெஷினக் கொண்டாந்து உள்ள போட்டுக்க.”

“சரிங்க,” என்றாள்.

பதினோரு வருஷம் மல்லுக்கு நின்றவள் இரண்டெழுத்தும் ஒரு மரியாதையுமாக முடித்துக்கொண்டாள். அப்போதே கடைசல்காரருக்கு மூக்கு வேர்த்திருக்க வேண்டும். கையில் குழம்பு காய்ந்துகொண்டிருந்ததால் அந்த அவசரத்தில் கவனிக்கவில்லை.

பக்கத்து வீட்டு டீச்சரம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவர், மூன்றாம் வகுப்புக்கு மேல் பாடம் எடுக்காமலே முப்பது வருஷம் ஓட்டியவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் என்பதால் கடைசல்காரர் கேட்பதை எல்லாம் அவரும் கேட்டே ஆக வேண்டிய நிலை. ரெக்கார்டுகளை அகர வரிசையில் அடுக்கித் தந்தது அவர்தான். கடைசல்காரர் படித்தது நான்காம் வகுப்பு வரை. உயிரெழுத்துகளில் கெட்டிக்காரர், ககரம், சகரம் வரை ஒரு மாதிரி சமாளிப்பார், அதற்கு மேல் ஒரே புகைமூட்டம்.

டீச்சரம்மா கோடு போட்ட நோட்டில் விதிகளை எழுதிக்கொண்டு, ரெக்கார்டுகளை எண்ணி நூற்றுப் பதினொன்று என்றார். நூற்றுப் பன்னிரண்டு என்றார் கடைசல்காரர். மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் நூற்றுப் பதினொன்று.

“இன்னொண்ணு அவர் மச்சான்கிட்ட இருக்கு,” என்று மெல்லச் சொன்னாள் மனைவி.

“அவர்கிட்ட இருந்தா அவரோடது ஆயிடுமா? எழுதுங்க டீச்சரம்மா, நூத்திப் பன்னிரண்டு,” என்றார் கடைசல்காரர்.

அவர் பொருள் அவருக்குத்தானே, எழுதுங்கள் என்று மனைவியும் சொன்னாள். கூடப்பிறந்தவனை விட்டுக்கொடுத்து அவள் அவர் பக்கம் பேசியது கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. டீச்சரம்மா ஓர் அட்டையில் 74 என்று எழுதி, அலமாரியில் அந்த ஆல்பம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் செருகினார்.

மறுநாள் ஆறு மணிக்கு ‘அந்தியில் ஆறு வயலின்’ தொடங்கியது. அதற்கடுத்து ‘ஆடாத ஊஞ்சல்’. பிறகு ‘இரும்புப் பாலத்தில் ஒரு புல்லாங்குழல்’. வலது காதை ஸ்பீக்கரிடம் கொடுத்துவிட்டுக் கடைசல்காரர் சொர்க்கத்தில் இருந்தார். இத்தனை வருஷம் இதை எல்லாம் கேட்காமல் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தார். வாங்கிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் ‘ஈரத் தலையணை’. இரண்டு பக்கமும் சோகம். இரண்டாவது பாட்டிலேயே தேம்ப ஆரம்பித்துவிட்டார். மனைவி கதவிடுக்கு வழியாக ஒரு துண்டை உள்ளே தள்ளினாள்.

ஆறாம் நாள் வந்ததுதான் விபத்து. ‘உடற்பயிற்சி: ஒன்று முதல் எட்டு வரை’. எப்போதோ மொத்தமாக வாங்கிய கட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பாட்டு இல்லை, வாத்தியம் இல்லை. ஒருத்தன் தொண்டை கிழிய ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரை போய்விட்டுத் திரும்பவும் ஒன்றுக்கே வருவான். இது சங்கீதமே இல்லை, விட்டுவிடலாமா என்று டீச்சரம்மாவிடம் கேட்டுப் பார்த்தார். பட்டியலில் இருக்கிறதே அண்ணே என்று அவர் கையை விரித்தார். சரி என்று உட்கார்ந்து கேட்டார். அந்தக் குரலில் என்ன மாயமோ, முதல் பக்கம் முடிவதற்குள் கடைசல்காரரின் கைகள் தாமாக மேலே போக ஆரம்பித்தன. இரண்டாம் பக்கத்தில் அறைக்கு நடுவில் நின்று குதித்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கமும் தொம் தொம் என்று சத்தம். மறுநாள் டீச்சரம்மா தன் முழங்கால் வலி குறைந்திருப்பதாக, யாரும் கேட்காமலே சொன்னார்.

‘ஓய்வு பெற்றவர்களுக்கான உறக்க இசை’ வந்த அன்றுதான் உயிர் போய் உயிர் வந்தது. நடுவில் தூங்கினால் கேட்டதாகக் கணக்கில்லை. கடைசல்காரர் ஒரு வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு, காதுமடலில் துணி உலர்த்தும் கிளிப்பைக் கடிக்கவிட்டு, கண்ணை உருட்டி உருட்டி முழித்துக்கொண்டே தாலாட்டைக் கேட்டார். உலகத்தில் எந்தக் குழந்தையும் தாலாட்டை இவ்வளவு வெறியோடு கேட்டிருக்காது. சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை.

இப்படி வெற்றி மேல் வெற்றியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. மனைவி ஏன் ஒன்றுமே செய்யவில்லை?

ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் டீ வருகிறது. ‘இன்னிக்கு எதுங்க?’ என்று சிரித்த முகத்தோடு கேட்கிறாள். முப்பத்தொரு வருஷத்தில் அவரிடம் இன்றைக்கு எது என்று அவள் கேட்டதே கிடையாது. இன்றைக்கு இது என்று சொல்லித்தான் பழக்கம். அவர் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தார். அவள் வரிசையைக் கலைக்கப் போகிறாள். அவர் குளிக்கப் போகிற நேரத்தில் உள்ளே புகுந்து இரண்டு ரெக்கார்டுகளை இடம் மாற்றி வைத்தால் போதும். சகரத்துக்கு மேல் அவருக்குத் தெரியவும் செய்யாது.

அறைக்குப் பூட்டு போட்டார். மாற்றுச் சாவி இருக்குமே என்று தோன்றியது. பூட்டை மாற்றினார். ஜன்னல் இருக்கிறதே என்று தோன்றியது. கடைசியில், கண்ணெதிரே காவல் காப்பதைத் தவிர வழியில்லை என்று, ஹாலில் இருந்த தன் சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அறைக்குள் போட்டுக்கொண்டார்.

அதற்கு மூன்றாம் நாள், ஹாலில் நாற்காலி இருந்த இடத்தில் ஒரு தையல் மெஷின் நின்றது. கேட்டதற்கு, டீச்சரம்மா வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள், அவருடைய மெஷின் என்றாள். கடைசல்காரர் உள்ளூரச் சிரித்துக்கொண்டார். வெள்ளையடிப்பாம். அவருக்கா தெரியாது? படை திரட்டுகிறாள். அறையின் வாசலில் ஆயுதங்களைக் கொண்டுவந்து குவிக்கிறாள். இவர் எப்போது சறுக்குவார், அப்போது உள்ளே பாய வேண்டும்.

சறுக்கக் கூடாது. காவலைப் பலப்படுத்த வேண்டும். ககர வரிசை முடிவதற்குள் கட்டிலை அறைக்குள் நகர்த்திவிட்டார். கட்டிலின் இன்னொரு முனையைப் பிடித்து உதவியவள் மனைவிதான். இருந்த இடத்தைப் பெருக்கிச் சுத்தமும் செய்தாள். மறுநாள் அங்கே துணி பேல்கள், பெரிய பெரிய கட்டுகளாக, வந்து இறங்கின. சகர வரிசையில் தன் துணி அலமாரியை எடுத்துக்கொண்டார். அந்த இடத்துக்கு டீச்சரம்மாவின் தங்கை ஒருத்தி தன் மெஷினோடு வந்து சேர்ந்தாள். தகரம் நடக்கும்போது கடைசல்காரரின் தட்டு, தம்ளர், தண்ணீர்க்குடம், சவரக் கண்ணாடி எல்லாம் அறைக்குள் இருந்தன. கட்டிலிலிருந்து இறங்கினால் நாற்காலி. நாற்காலியிலிருந்து எழுந்தால் கட்டில். வெளியே மெஷின்கள் ஓடும் சத்தம் நாளுக்கு நாள் பெருகியது. சரியாக ஆறு மணிக்கு எல்லாம் நின்றுவிடும். பெண்களாக இருந்தாலும் சங்கீதத்துக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அவர்கள் டீ குடிக்கிற நேரம் அது.

எழுபத்து நான்காம் நாள் காலையில், இன்றைக்கு எது என்று பார்க்க அலமாரியில் கைவிட்டவரின் கையில் அட்டை வந்தது.

இவ்வளவு நாளும் அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார். வந்துவிட்டது. ரெக்கார்டு போட்டோக்காரனிடம் இருக்கிறது. ஆறு மணிக்கு ‘நிலவுக்கு ஒரு கிளாரினெட்’டைக் கேட்டே ஆக வேண்டும். கேட்காவிட்டால் அறை போய்விடும்.

டீச்சரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். அந்த ஆல்பத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். விதியில் இடம் இருக்கிறது. ஆனால் ‘இது என்னுடையது அல்ல’ என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவையும் நீட்டினார். கடைசல்காரர் பேனாவை வாங்கினார். பால்காரர் நினைவுக்கு வந்தார். தபால்காரரின் மாமியார் வந்தாள். நெஞ்சோடு நீல உறையை அணைத்துக்கொண்டு சிரிக்கிற பல் டாக்டர் வந்தார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

“அண்ணன்கிட்ட நான் வேணா கேட்டுப் பாக்கட்டுமா?” என்றாள் மனைவி.

“நீ கேட்டு அவர் குடுத்தா அது தர்மம். நான் கேட்டு வாங்கினாத்தான் நியாயம்.”

ஸ்டூடியோவில் பிளேயர் இருக்குமோ இருக்காதோ. தன்னுடையதைக் கழற்றிப் போர்வையில் சுற்றி, ஸ்பீக்கர் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார். இருபத்தாறு வருஷம் எதிர்ப்பக்கமாகவே நடந்தவர் ஐந்தரை மணிக்குத் தெருவைக் குறுக்கே கடந்தார்.

போட்டோக்காரன் தலை நிமிர்ந்து பார்த்தான்.

“வா மாப்ளே. அரைமணி நேரம்னுதான சொன்னேன், அதுக்குள்ள வந்துட்டியே.”

“என் ரெக்கார்டக் குடுங்க மச்சான்.”

கொடுக்க முடியாது என்றான். நாளைக்குப் பேங்க் மேனேஜர் குடும்பத்தோடு வருகிறாராம். நீல உறைதான் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாராம். இங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொள், அதற்கு ஒன்றும் சொல்லவில்லை என்று பெரிய மனது பண்ணினான். திருடினவன் வீட்டில் உட்கார்ந்து தன் பொருளை அனுபவிக்கும் கொடுமை உலகத்தில் யாருக்கும் வர வேண்டாம். மணி ஆறு அடிக்க நாலு நிமிஷம் இருந்தது. கடைசல்காரர் உட்கார்ந்தார்.

உறையிலிருந்து இசைத்தட்டை உருவினார். இருபத்தாறு வருஷம் ஸ்டூடியோ விளக்குச் சூட்டில் நின்று நின்று, தட்டு நெளிந்துபோயிருந்தது. வளைந்த தகடு மாதிரி ஆடியது. ஊசி மேலே ஏறியது, கீழே இறங்கியது. கிளாரினெட் மாடிப்படியில் தடுக்கி விழுந்த ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. ஆனாலும் நடுநடுவே, நெளிவு இல்லாத ஒரு விரற்கடை இடத்தில், அந்த வாசிப்பு அப்படியே இருந்தது. அந்த ஒரு விரற்கடைக்காகக் கடைசல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றும் காத்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டாம் பக்கத்தையும் கேட்டார். போட்டோக்காரன் பாதியிலேயே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிவிட்டான்.

முடிந்ததும் கடைசல்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ரெக்கார்டை உறையோடு சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டார். நெஞ்சு சதுரமாகிவிட்டது. பூனை நடை நடந்து வாசல் வரை வந்துவிட்டார்.

“வச்சிட்டுப் போ மாப்ளே,” என்றான் போட்டோக்காரன், கண்ணைத் திறக்காமலே.

வைத்துவிட்டு வந்தார். வேறு என்ன செய்வது? போட்டோக்காரன் அதோடு விடவில்லை. போகிறபோது இந்த மேஜையை ஒரு கை பிடித்துக்கொண்டு போ, தங்கச்சி கேட்டிருந்தாள் என்று, ஸ்டூடியோ நடுவில் கிடந்த ராட்சச மேஜையைக் காட்டினான். படம் வெட்டுகிற மேஜை.

ஆகா என்று நினைத்தார் கடைசல்காரர். இதுவும் அந்த அறைக்குத்தான். இன்றைக்கு இவர் தோற்றுவிடுவார் என்று நம்பி ஏற்பாடு செய்திருக்கிறாள். கடைசல்காரன் சட்டைப்பையில் எப்போதும் இரும்பு அளவுகோல் இருக்கும். எடுத்து அளந்தார். நீளம் ஏழடி. அகலம் நாலடி. உயரம் முப்பத்து நாலு அங்குலம். நாலு காலையும் சுற்றிக் கம்பி வைத்துப் பற்றவைத்திருந்தது, கழற்றவும் வராது. அறைக் கதவு இருபத்தெட்டு அங்குலம். எந்தப் பக்கம் சாய்த்தாலும் நுழையாது. தலைகீழாக நின்றாலும் நுழையாது.

அவருக்கு வந்ததே ஒரு சிரிப்பு. தைக்கிறவளுக்கு அளவு தெரியவில்லை. ஒரு வண்டியைக் கூப்பிட்டு, ஒரு முனையை வண்டிக்காரர் பிடிக்க, மறுமுனையைத் தானே பிடித்து ஏற்றினார். பிளேயரை மேஜைமேல் வைத்து, பக்கத்தில் தானும் ஏறி உட்கார்ந்துகொண்டு, கடைத்தெரு முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசல் இரட்டைக் கதவு. மேஜை சிரமமில்லாமல் நுழைந்தது. எங்கே போடட்டும் என்று மனைவி பணிவாகக் கேட்டாள்.

“எங்க வேணா போட்டுக்க,” என்றார் கடைசல்காரர், ராஜா மாதிரி.

ஹாலுக்கு நடுவில் போட்டுக்கொண்டாள். டீச்சரம்மா 74-க்கு நேராகச் சரி போட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் இறக்கத்தில் ஓடுகிற சைக்கிள்தான். பகரம் பறந்தது. மகரத்தில் ‘மழைக்கு முன் மத்தளம்’ கேட்டு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. வகரத்தில் தெருவில் யாருக்கும் அவரை வெளியே பார்த்ததாக ஞாபகமில்லை. சாப்பாடு அறை வாசலுக்கே வந்தது. ஹாலில் நிறையப் பெண்கள் வந்து போகிற சத்தம் கேட்டது. வேவு பார்க்க வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டார்.

நூற்றுப் பன்னிரண்டாம் நாள், கடைசி எழுத்து. ‘ஹோட்டல் வாசலில் ஹார்மோனியம்’. நிஜமாகவே ஏதோ ஹோட்டல் வாசலில் பதிவு செய்திருந்தார்கள். பாதிப் பாட்டுக்கு மேல் தட்டு கழுவுகிற சத்தம். டீச்சரம்மாவும் மனைவியும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கடைசி வரை கேட்டார்கள். ஊசி உள்வட்டத்துக்குப் போய்க் கரகரத்தது. டீச்சரம்மா சரி போட்டுக் கையெழுத்திட்டார். மனைவியும் கையெழுத்திட்டாள். ரூம் உங்களுது, இனி அதைப் பத்தி நான் வாயத் திறக்க மாட்டேன் என்று அவளே சொன்னாள்.

கடைசல்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, வென்ற பயில்வான் மாதிரி ஹாலுக்குள் நுழைந்தார்.

ஹாலின் நடுவில் மேஜை. மேஜைமேல் மலைபோல் வெட்டின துணி. மூன்று பக்கமும் மூன்று மெஷின். சுவர் நெடுக ஆணியில் திரைச்சீலைகள், பள்ளிக்கூடச் சீருடைகள், தலையணை உறைகள். மூலையில் ஆளுயரக் கண்ணாடி. படுக்கையறையாக இருந்ததில் கூரை வரை பேல்கள். வாசலுக்கு மேலே தெருவைப் பார்த்து ஒரு தையல் கடைப் பலகை தொங்கியது. மூன்று வாரமாகத் தொங்குகிறது. அவர் அதன் முதுகைத்தான் பார்த்திருந்தார். பெஞ்சில் நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். கைதூக்கி நின்றவரைப் பார்த்து, இவருக்கும் அளவெடுக்க வேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள்.

கையை இறக்கினார். தோற்றவளிடம் பெருந்தன்மையாக நடந்துகொள்வதுதான் அழகு. சரி, போனது போகட்டும், படையைக் கலைத்துவிட்டுச் சாமான்களை எல்லாம் பழைய இடத்துக்குக் கொண்டுபோகலாம் என்றார்.

“எந்தப் பழைய இடங்க?”

“என் நாற்காலி இருந்த இடம். என் கட்டில் இருந்த இடம்.”

“உங்க நாற்காலி உங்க ரூம்ல இருக்கு. கட்டிலும் அங்கதான் இருக்கு. நான் எதையாவது தொட்டேனா?”

அவள் எதையும் தொடவில்லை. நாற்காலியை எடுத்தது அவர். கட்டிலை எடுத்தது அவர். மேஜையைக் கொண்டுவந்து போட்டதும் அவர்தான்.

“இந்த வீடு…” என்று ஆரம்பித்தார்.

“ரூமுக்கு ரூல் போட்டது நீங்க. வீட்டுக்கு யாரும் ரூல் போடலையே.”

கடைசல்காரர் டீச்சரம்மாவைப் பார்த்தார். டீச்சரம்மா நோட்டை மூடிக் கைப்பையில் போட்டுவிட்டுத் தன் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார். அவர் வீட்டில் வெள்ளையடித்து முடித்து மூன்று மாசமாகிறது.

கடைசல்காரருக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“முதல்லருந்தே இதுதான் உன் திட்டமா?”

“அய்யோ இல்லங்க. நான் ஆசப்பட்டதெல்லாம் அந்தச் சின்ன ரூமுக்குத்தான். நீங்க நாற்காலியத் தூக்கிட்டுப் போன அன்னிக்குத்தான் இப்படி ஒரு யோசனையே வந்துச்சு.”

அந்தப் பதிலைக் கேட்டபோது அவருக்கு ‘ஈரத் தலையணை’யே தேவலாம் என்று இருந்தது. அவருக்கென்று ஒரு நியாயமாவது மிச்சம் வேண்டாமா? போகட்டும், உங்கண்ணன் அந்தக் கிளாரினெட் ரெக்கார்டையாவது எப்போது தருவார் என்று கேட்டார். அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விஷயம், நடுவில் நான் எதற்கு என்று அவள் கழன்றுகொண்டாள். பேங்க் மேனேஜருக்கு அடுத்து இன்னும் யார் யாரோ வரிசையில் இருக்கிறார்களாம். இன்றுவரை அது வரவில்லை. எழுபத்து மூன்றுக்கும் எழுபத்து ஐந்துக்கும் நடுவில் அட்டைதான் நிற்கிறது.

திரும்பித் தன் அறைக்கு நடந்தார். மேஜையைச் சுற்றிக்கொண்டு, மூன்று மெஷினுக்கும் நடுவில், வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் போனார். உள்ளே போய்க் கதவைச் சாத்தப் போனபோது மனைவி கூப்பிட்டாள். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முகத்தில் அதே பழைய மரியாதையோடு சொன்னாள்.

“என்னங்க, இனிமே வெளிய வர்றதுன்னா உள்ளேருந்து கதவத் தட்டிட்டு வாங்க. இங்க பொம்பளைங்களுக்கு அளவெடுத்துக்கிட்டிருப்போம்.”